கம்பவுண்டரின் கண்மாய்ப் பானை

"மூணு வேளை குலுக்கிக் குடிங்க. குடிச்சுக்கிட்டே யோசிங்க, இந்தக் காய்ச்சக் கிருமிக்கு மொத அப்பன் யாரு?"

மிக்சர் புட்டியில் அளவுக் காகிதத்தை ஒட்டியபடியே கம்பவுண்டர் ஆத்மநாதன் கேட்பார். காய்ச்சல்காரன் என்னத்தைச் சொல்வான்? புட்டியை வாங்கிக்கொண்டு தப்பித்தால் போதும் என்று நடையைக் கட்டுவான்.

காதில் செருகிய பென்சில், சட்டைப் பையில் மடித்த மாதப் பத்திரிகை. உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்த கதையை அதில் படித்த நாளிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. யுத்தச் செய்தி படிக்கக் குளத்தூர் வாசகசாலைக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்து, மீன் தவளையான விதத்தைச் சொல்வார். அங்கேதான் தாலுகா கச்சேரி குமாஸ்தா ரெங்கசாமி அவரை மடக்கினார்.

"மீனுக்கு முந்தி புழு, புழுவுக்கு முந்தி கிருமி. சரிங்க கம்பவுண்டரே, மொதக் கிருமி எங்கேருந்து வந்துச்சு? அதைச் சொல்ல முடியலைன்னா ஒங்க மொத்தக் கதையும் புளுகுதானே?"

ஆத்மநாதனுக்குச் சுருக்கென்றது. "வறண்ட கம்மாயில மழை பேஞ்சா மீன் துள்ளலையா? வெறும் மண்ணுலேருந்துதான் உசுரு. காட்டுறேன். காட்டலைன்னா இனிமே இந்த வாசகசாலையில வாயத் தொறக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டார். பேச்சை எடுத்துவிட்டால் அவரிடம் வேறென்ன மிஞ்சும்? வீம்பு யாரை விட்டது!

கண்மாய் மண்ணையும் தண்ணீரையும் பானையில் போட்டு நாள் முழுக்கக் கொதிக்க வைத்தார். இருந்த உயிரெல்லாம் செத்திருக்கும் என்று நிச்சயமானதும், துணியால் வாயைக் கட்டி மூலையில் வைத்தார். பன்னிரண்டாம் நாள், ஞாயிறு காலையில் அவிழ்த்தால், ஆகா, பொடிப் புழுக்கள் நெளிகின்றன! மனிதர் குதியோ குதியென்று குதித்தார்.

"ஏங்க," என்றாள் மனைவி மீனம்மாள், கையைப் பிசைந்துகொண்டு. "போன வெள்ளிக்கெழமை அவுத்துப் பாத்தேன், பானையில தண்ணி வத்திக் கெடந்துச்சு. வெள்ளியும் அதுவுமா வெறும் பானை வீட்டுக்கு ஆகாதேன்னு நான்தான் ஊருணித் தண்ணி ஒரு சொம்பு ஊத்தி, மறுபடியும் கட்டி வச்சேன்."

ஆத்மநாதனுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமி காரியமாக நினைத்துச் செய்தவளை என்ன சொல்லி ஏசுவது? "நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேங்க," என்று அவளே சொல்லிப் பார்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாசகசாலைக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "தோத்துட்டேன். வந்த உசுரு எப்படி மாறுச்சுங்கிறது ஒரு சங்கதி. மொத உசுரு எப்படி வந்துச்சுங்கிறது வேற சங்கதி. ரெண்டையும் போட்டுக் கொழப்புனது நான்தான். பின்னதுக்கு வெடை இன்னும் தெரியல. அதுக்காக முன்னது பொய்யாயிராதுங்க. இதுதான் இங்க என் கடைசிப் பேச்சு."

சிரிப்பார்கள் என்று நினைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ரெங்கசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புழு நெளிஞ்சதை மட்டும் காட்டியிருந்தா நான் நம்பியிருப்பேங்க," என்றார். "மறுபடியும் வச்சுப் பாப்போம். எங்க கம்மா மண்ணு நான் கொண்டாரேன். எத்தனை பானைக்கு வேணும்?"

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்ன சொல் சொன்னதுதான், வாயைத் திறக்கவில்லை. இரண்டு விரல்களை நீட்டினார். அவற்றில் ஒன்றை மட்டும், பானைக்கு வாய் கட்டுவதுபோல, மறு கையால் இறுக மூடிக் காட்டினார்.