முனைக் கம்பம் வரைக்கும்

எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குச் செருப்பும் ஷூவும் விற்கிற கடை ஒன்றுதான். ஏசி போட்ட பெரிய கடைகள் நாலு தெரு தள்ளி வரிசையாக நிற்கின்றன, நிற்கட்டும். குடும்பம் குடும்பமாக இங்கேதான் வருவார்கள். கடைக்காரர் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூட்ஸ் சித்தப்பா. ஒல்லிப்பிச்சான். சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனுஷர். எதிர்க்கடையில் தையல் மிஷின் போட்டிருக்கும் எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். "யார் என்ன சொன்னாலும் தலையாட்டினா எப்படிண்ணே?" என்று கத்துவேன். "ஊரார் காலைப் பிடிச்சே பொழைக்கிறவன்மா நான்," என்று சிரிப்பார்.

அவர் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஷூவை மாட்டி, நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு, "முனைக் கம்பத்தைத் தொட்டுட்டு ஓடி வா," என்பார். பிள்ளை திரும்பி வந்து "கடிக்கல சித்தப்பா" என்று சொன்னால்தான் விற்பனை. தெருவே ஒதுங்கி வழிவிடும். பிள்ளைகளுக்கு ஷூவைவிட அந்த ஓட்டம்தான் பெரிசு.

போன வருஷம் ஒரு மத்தியானம், ஒருத்தன் ஒரு சிறுமியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அங்கே நுழைந்தான். அவள், முனை தாண்டி இருக்கும் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவளின் மகள். அந்த அம்மா இந்தப் புருஷனிடம்தான் கை உடைபட்டு, பெண்ணோடு தன் அக்கா வீட்டுக்கு ஓடி வந்தவள். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது அவனுக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலிலேயே பெண்ணை அமுக்கியிருக்கிறான், பாவி. இழுத்த இழுப்பில் செருப்பு அறுந்து, முழங்காலில் ரத்தம்.

"ஏதாவது ஒண்ணை மாட்டி விடுய்யா. பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றான்.

சித்தப்பா முக்காலியை இழுத்துப் போட்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். ஷூவை மாட்டினார். வழக்கமாக ஒரு முடிச்சு. அன்றைக்கு இரண்டு போட்டார்.

"ஓடு கண்ணு."

"அதெல்லாம் வேண்டாம்."

"ஓடிப் பார்த்தாதான் சார் அளவு தெரியும்."

அவள் ஏற்கெனவே தெருவில் இறங்கிவிட்டாள். அவன் பின்னாலேயே வாசலுக்குப் பாய்ந்தான். சித்தப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே விழுந்து அவன் கணுக்காலைக் கட்டிக்கொண்டார். "ஓடு! ஓடு!" என்று கத்தினார். அந்தத் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவன் மிதித்தான். முகத்தில், மறுபடி முகத்தில். முக்காலியைத் தூக்கி முதுகில் இறக்கினான். கால் அளக்கிற இரும்புப் பலகையால் காதோடு சேர்த்து அறைந்தான். பல் தெறித்து வாசல்படியில் விழுந்தது. பிடி தளரவில்லை.

கடவுளே, அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? கம்பத்தைத் தொட்டாள். திரும்பினாள். அவளுக்கு "ஓடு" என்றால் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதுதானே! இன்னும் பத்து எட்டு வைத்திருந்தால் அம்மா. ஆனால் எங்களை நோக்கி ஓடி வந்தாள்.

"வராதே!" என்று சித்தப்பா கத்தினார். வாய் நிறைய ரத்தம்; சொல் வெளியே வரவில்லை. வாசலுக்கு வந்தவளின் பின்னலை அவன் எட்டிப் பிடித்தான்.

என் மேஜையில் சட்டைக்குப் போட்ட இஸ்திரிப்பெட்டி சூடாக இருந்தது. ஒயரைப் பிடுங்கி, பெட்டியோடு தெருவைக் கடந்து, அவன் கையில் வைத்து அழுத்தினேன். தோல் வெந்த வாடை வந்தது. அவன் அலறினான். பின்னலை விட்டான். நான் எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை, பட மாட்டேன். அதற்குள் தெருவே திரண்டு வந்து அவனைப் போட்டு மிதித்து, போலீஸில் ஒப்படைத்தது. சித்தப்பாவின் விரல்களை அவன் காலிலிருந்து ஒவ்வொன்றாக நாங்கள்தான் பிரித்தோம்.

அவன் இப்போது உள்ளே இருக்கிறான். சித்தப்பாவுக்கு மூன்று பல் இல்லை, ஒரு காது கேட்காது. கடை அதே கடை, சட்டமும் அதே சட்டம்.

நேற்று அந்தப் பெண் அம்மாவோடு வந்தாள். கால் வளர்ந்துவிட்டது. சித்தப்பா நுனியை அமுக்கிப் பார்த்து, முடிச்சுப் போட்டு, "ஓடு," என்றார். ஓடினாள். கம்பத்தைத் தொட்டவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"சித்தப்பா, வரலாமா?"

அவருக்குக் கேட்கவில்லை. "என்னம்மா சொல்றா?" என்று என்னைப் பார்த்தார்.

"வரலாமான்னு கேக்கறாண்ணே."

அவர் முகம் கோணிக்கொண்டு போயிற்று. நான் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றேன். "வாடி! எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்!"

அவள் ஒரே ஓட்டமாக வந்து, மூச்சு வாங்க, அவருடைய நல்ல காதில் வாயை வைத்துச் சொன்னாள்:

"கடிக்கல சித்தப்பா."