கமலவேணியின் வானொலிப் பெட்டியும் அதன் எண்ணும்

12-1-1957. வானொலி லைசென்ஸ் புதுப்பித்தது. 12 வெள்ளி.
3-8-1957. பெட்டிக்குப் புது இயந்திரம். 85 வெள்ளி.
9-8-1957. கோலாலம்பூருக்குப் பதிவுத் தபால். 35 காசு.
31-8-1957. சோதனைக் கூலி. இல்லை.

கமலவேணி அந்த ஆண்டு வானொலிக்காகச் செலவிட்டது இவ்வளவுதான். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. மலாக்காவில், காஜா பேராங் பகுதியில் ஒரு சந்தில் துணி தைத்து வாழ்ந்தார். முன்னறையில் தையல் இயந்திரம். அதற்கு மேலே பலகையில் வானொலிப் பெட்டி. கடிகாரம் கிடையாது. ரவிக்கைக் கைக்கு இரண்டு பாட்டு, பள்ளிக்கூடச் சட்டைக்கு ஐந்து பாட்டு என்பது அவர் கணக்கு. செய்தி நேரத்தில் பித்தான் தைப்பார். அவர் சிரித்தால் சந்தின் மறுமுனைக்குக் கேட்கும்.

1956 பிப்ரவரி 20ஆம் தேதி, மலாயாவின் சுதந்திர நாள் எது என்று ஊரின் பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தபோது அவரும் போயிருந்தார். கடைசியில் நின்றதால் முன்னால் நின்றவர்களின் முதுகைத்தான் பார்த்தார். கூட்டம் ஆர்ப்பரித்தது, அவரும் ஆர்ப்பரித்தார். எந்தத் தேதி என்பதைத் திரும்பும் வழியில் ஒரு சைக்கிள்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். அந்த நாள் வரும்போது ஒரு சொல் விடாமல் கேட்பது, அதுவும் சொந்தப் பெட்டியில், சந்து முழுவதையும் கூட்டிவைத்துக் கேட்பது என்று அன்றே முடிவு செய்தார்.

1949இல் வாங்கிய பெட்டி, நாள் நெருங்கும்போது கரகரக்கத் தொடங்கியது. சந்து முனையில் வானொலி பழுதுபார்க்கும் காதர் மைதீன், கமலவேணி ‘நானா’ என்று அழைக்கும் அண்ணன் முறைக்காரர், மரக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே புது இயந்திரம் பொருத்தினார். பெட்டி கணீரென்று பேசியது. கமலவேணி இருபத்து மூன்று பேரை அழைத்துவிட்டார்.

லைசென்ஸ் கொடுக்கும் கவுண்டரில் அப்போது நான் கிராணி, அதாவது எழுத்தர். ஆகஸ்ட் 9ஆம் தேதி, யாரும் கேட்காமலே, காதர் மைதீனையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார்.

“கிராணி ஐயா, சீட்டுல இருக்கிறது பழைய மிசினோட நம்பரு. இப்ப உள்ள இருக்கிறது வேற நம்பரு. இந்த லைசென்சே போதுமா?”

விதித்தாளைப் புரட்டினேன். அப்படி ஒரு கேள்வியே அதில் இல்லை. “நம்பரு வேறன்னா, இது வேற ரேடியோம்மா.”

“என்னாங்க கிராணி,” என்றார் காதர் மைதீன். “மனுசன் பல்லு கட்டிக்கிட்டா பேரை மாத்தி எழுதுவீங்களா?”

“நீங்க பல்லா கட்டுனீங்க? சட்டையை வெச்சுக்கிட்டு ஆளையே மாத்திட்டீங்க.”

“அப்ப புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க” என்று கமலவேணி பன்னிரண்டு வெள்ளியை எடுத்து வைத்தார். அதற்கும் வழியில்லை. புது லைசென்சுக்கு முழுப் பெட்டி வாங்கிய ரசீது வேண்டும்; அவரிடம் இருந்தது இயந்திரத்தின் ரசீது. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். பதில் வரும்வரை பெட்டியைப் போடக் கூடாது என்றும் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

ஆகஸ்ட் 30 மாலை வரை பதில் இல்லை. அதைச் சொல்ல நான் போனபோது பெட்டியின் மேல் துணி போர்த்தியிருந்தது. காதர் மைதீன் வாசலில் நின்றிருந்தார்.

“காப்பிக் கடையில போய்க் கேளேன் தங்கச்சி.”

“அங்கயும் முதுகுதான் தெரியும், நானா. திருட்டுத்தனமா இங்க போட்டா, எவன் வர்றான்னு வாசலையே பார்த்துக்கிட்டு இருப்பேன். காதுல ஒண்ணும் ஏறாது.”

காதர் மைதீன் தாடியைச் சொறிந்துகொண்டே என் பக்கம் திரும்பினார். “ரிப்பேர்காரன் லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு. என் கடைக்கு வந்த பொட்டியைச் சோதனைக்குப் போடலாமா, கூடாதா?”

“போடலாம். விதியில இருக்கு.”

“எவ்வளவு நேரம்?”

“நேரம் எழுதலை.”

“தங்கச்சி, இந்தப் பொட்டி மேல எனக்கு ஒரு சந்தேகம். தூக்கு!”

மறுநாள் காலை அந்தச் சின்னக் கடையில், கழற்றிப் போட்ட பெட்டிகளுக்கு நடுவே, இருபத்து மூன்று பேரும் நானுமாக நெருக்கி உட்கார்ந்தோம். எல்லோருக்கும் முன்னால் கமலவேணி, பெட்டிக்கு ஒரு முழ தூரத்தில்.

“யாராச்சும் இருமினா வெளிய அனுப்பிருவேன். கிராணி ஐயாவையும் சேர்த்துத்தான்.”

பிரகடனம் வாசித்து முடியும்வரை யாரும் அசையவில்லை. ‘மெர்டேக்கா’ என்ற விடுதலை முழக்கம் எழுந்ததும் அவர் விரல் மடக்கி எண்ணினார். ஏழு. ஏழாவது முடிந்ததும் அவர் போட்ட கூச்சலில் அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடி வால்வு உருண்டு விழுந்து உடைந்தது.

“ஐயோ, காசு நான் தர்றேன் நானா!”

“விடு, அது செத்த வால்வு. நீ இன்னொரு தடவை கத்து.”

கத்தினார். நாங்களும் கத்தினோம். பிறகு காதர் மைதீன் வேலைப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: ‘ஒலி தெளிவு. குறை இல்லை. இன்னும் சோதிக்க வேண்டும்.’ சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

திங்கட்கிழமை கமலவேணி தையல் இயந்திரத்தையே அந்தக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார். சோதனை பதினெட்டு நாள் நடந்தது. அதற்குள் நாற்பத்தொரு பள்ளிக்கூடச் சட்டை தைத்து முடித்தார்.

கோலாலம்பூரிலிருந்து வந்த பதில் மூன்று வரி. பழைய லைசென்சே செல்லும், புது எண்ணைச் சீட்டின் ஓரத்தில் குறித்தால் போதும், கட்டணம் இல்லை. நான் எண்ணைக் குறித்துக் கொடுத்ததும், “இந்த அஞ்சு நம்பருக்கா என்னை நானா கடைக்குக் குடி அனுப்புனீங்க?” என்று அவர் சிரித்த சிரிப்பில் கவுண்டர் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அன்று மாலையே பெட்டி வீடு திரும்பியது. கடிதம் வந்த தேதி 17-9-1957, செவ்வாய்க்கிழமை.