நாற்பது விநாடிப் பிணம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினாறு வருடமாக லென்ஸ் தேய்க்கிற மனுஷனுக்கு நடிப்பு எதற்கு என்று கேட்டால் அவரிடமே பதில் கிடையாது. கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற ஒருவன் விடுமுறை நாளில் குறும்படம் எடுப்பான். எல்லாரும் அவனை டைரக்டர் என்றே கூப்பிடுவார்கள். "பிணம் வேஷம் தலைவரே, கண்ணைத் தொறந்துகிட்டுச் சும்மா படுத்தாப் போதும்" என்றான். இவரும் போய்ப் படுத்தார்.

அப்போது அவருடைய அண்ணன் இறந்து மூன்று வாரம். தாயில்லாத பிள்ளையாக இவரைத் தூக்கி வளர்த்தவர் அவர். கீழே விழுந்தால் மற்றப் பிள்ளைகள் "அம்மா" என்று கத்தும், இவர் "அண்ணே" என்று கத்துவார். அந்த அண்ணன் போனபோது ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளும் புறமும் மரத்துப்போயிருந்தது. மறுநாளே கடைக்குப் போய் லென்ஸ் தேய்த்தார். ஒரே வீட்டில் இருந்த அண்ணி அதை மறக்கவில்லை. சாப்பாடு போடுவாள், பேசமாட்டாள்.

டைரக்டர் செலவில்லாமல் ரத்தம் தயாரித்தான்: சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம். நெற்றியில் பூசினால் எறும்பு வராமல் என்ன செய்யும்? ஓர் எறும்பு புருவத்தைத் தாண்டி, திறந்திருந்த கண்ணின் இமையோரமாக நடந்து, மூக்கு வழியாக உதட்டுக்கு இறங்கியது. நாற்பது விநாடி. மனுஷன் இமைக்கவில்லை.

படத்தை யாரும் சீண்டவில்லை. யாரோ அந்த நாற்பது விநாடியை மட்டும் வெட்டி இணையத்தில் போட, அதைத்தான் லட்சக்கணக்கில் பார்த்தார்கள். "மேனேஜர் திட்டும்போது நான்" என்று ஒருவன் எழுதினான். "நான் பேசும்போது எங்க வீட்டுக்காரர்" என்று ஒருத்தி. கடை முதலாளி இவரைத் தேய்ப்பு அறையிலிருந்து கிளப்பி வாசலருகே உட்காரவைத்தார். "என்னா கன்ட்ரோல் சார் உங்களுக்கு!" என்றார்கள் வந்தவர்கள். கன்ட்ரோலாவது மண்ணாங்கட்டியாவது. எறும்பு நடந்ததே அவருக்குத் தெரியாது. இதைப் போய் யாரிடம் சொல்வது?

அண்ணியும் பார்த்தாள். அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"அவரைக் கிடத்தியிருந்தப்பவும் உன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு. உனக்கு உள்ள ஒண்ணுமே இல்ல."

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. அவள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது.

இரண்டாம் பாகம் எடுக்க டைரக்டர் பட்டாளத்தோடு வீட்டுக்கே வந்தான். நாலு கேமரா, தீப்பெட்டிக்குள் எறும்பு. "என்னமோ பண்ணுங்க" என்று அண்ணி சமையலறைக்குள் போய்விட்டாள். கூடத்தில் இருந்தது அண்ணனின் கட்டில். இவர் அதில் படுத்தார். தலையணையில் அண்ணன் தேய்க்கும் தைலத்தின் வாசனை இன்னும் போகவில்லை.

நெற்றியில் எறும்பை விட்டார்கள். அது ஊர்ந்தது. ஊர்வது தெரிந்தது. என்ன இது என்று யோசிப்பதற்குள் இமை துடித்தது, எறும்பு நறுக்கென்று கடித்தது.

"அண்ணே!"

கத்தியவருக்கு அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை. கட்டில் ஆட ஆட, தேம்பித் தேம்பி அழுதார்.

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு. இமைச்சுட்டீங்களே தலைவரே! இதை எவன் பாப்பான்?"

அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்தாள். கேமராக்காரனைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே குனிந்தவள், இவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"எங்க கடிச்சுது தம்பி, காட்டு."