ஜெரினாவின் குதிரைச் செலவு

தண்டையார்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரின் கல்லாவில் உட்கார்ந்திருந்த ஜெரினாவைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஆளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கறுப்பு புர்கா, கையில் டிபன் பாக்ஸ், மூக்கு நுனியில் நிற்கும் கண்ணாடி. மணிக்குப் பதினைந்து ரூபாய், பிரிண்ட் அவுட் பக்கத்துக்கு ஐந்து ரூபாய் என்பதைத் தாண்டி அவள் வாயிலிருந்து பேச்சே வராது என்றுதான் வருகிறவர்கள் நினைத்திருந்தார்கள். அந்தப் பெண் இரண்டாயிரத்து ஆறாம் வருடம் ஒரு குதிரை வாங்கினாள் என்றால் யார் நம்புவார்கள்? வாங்கினாள். பத்து மாதம் மரம் வெட்டி வாங்கினாள்.

அவள் கணவன் ரஹீம் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்பதிலேயே அவன் வாழ்க்கையில் பாதி போயிற்று. கல்யாணமான பதினாறு வருடத்தில் அவர்கள் ஒன்பது வாடகை வீடு மாறியிருந்தார்கள். காசிமேடு, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், மறுபடியும் காசிமேடு. வீட்டுக்காரர்களுக்குக் காரணத்துக்கா பஞ்சம்? ஒருவருக்குப் பையன் கல்யாணம், ஒருவருக்கு வாடகை போதவில்லை. இன்னொரு புண்ணியவான், அவர்கள் தண்ணீர் அதிகம் புழங்குகிறார்கள் என்றார். ஒரு குடம் தண்ணீருக்குத் தெருமுனையில் கால் கடுக்க நின்ற பெண்ணைப் பார்த்துச் சொன்னார்! ஒவ்வொரு முறையும் பீரோவும் கிரைண்டரும் மீன்பாடி வண்டியில் ஏறும். மகள் மெஹ்னாஸ் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடப்பாள்.

சென்டரில் காலை பதினொரு மணி வரை ஈயாடும். ஆறாம் நம்பர் மெஷினின் மவுஸ் மக்கர் செய்வதால் அதில் யாரும் உட்கார மாட்டார்கள். ஒருநாள் கப்பல் வேலைக்கு விண்ணப்பம் போட வந்த ஒருவன் அதில் ஒரு விளையாட்டைத் திறந்தபடியே விட்டுப் போய்விட்டான். ராஜாக்கள் காலத்து ஐரோப்பா. அங்கே ஒரு சின்ன ஊர். ஊரில் இருக்கும் ஒவ்வொருவரும் உலகத்தின் எங்கோ ஒரு மூலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நிஜ ஆள். விளையாடக் காசு வேண்டாம். எல்லோரும் மரம் வெட்டும் கூலியாகத்தான் தொடங்க வேண்டும். அதில் உயர்ந்த நிலை என்னவென்றால், பிரபுவிடம் நிலம் பெற்று, பேருக்கு முன்னால் 'சர்' போட்டுக்கொள்ளும் குதிரைவீரர் ஆவது. வரியை ஒழுங்காகக் கட்டும்வரை அந்த நிலத்திலிருந்து அவரை யாரும் கிளப்ப முடியாது. மெஹ்னாஸ் அகராதியை வைத்துக்கொண்டு அந்த விதியைப் படித்துச் சொன்னபோது, ஜெரினா திரும்பப் படிக்கச் சொன்னாள். அன்றைக்கே மரவெட்டியாகப் பேரைப் பதிந்தாள்.

சும்மா கொடுப்பார்களா? குதிரைக்குத் தொள்ளாயிரம் காசு, இரும்புச் சட்டைக்கும் கேடயத்துக்கும் அறுநூறு, பெரிய மனிதர்களுக்கு விருந்து முந்நூறு, பிரபுவுக்குக் காணிக்கை இருநூறு. ஆக இரண்டாயிரம். தினமும் ஒருமுறை விளையாட்டைத் திறந்து சில பட்டன்களை அமுக்கினால் அன்றைக்கு மரம் வெட்டிய கணக்கு, சாப்பாடு போக மிஞ்சுவது பத்தே காசு. ஒருநாள் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, பட்டினி வேறு. ஜெரினா ஒருநாள்கூடத் தவறவில்லை. ரம்ஜான் பெருநாளன்று தொழுகை முடிந்து பிரியாணியை தம்மில் போட்டுவிட்டு ஓடிவந்து மரம் வெட்டிவிட்டுப் போனாள். ஒருநாள் தெருவில் கரண்ட் இல்லை. ராயபுரம் வரை நடந்து, வேறொரு சென்டரில் முழுசாகப் பதினைந்து ரூபாய் கொடுத்து, மூன்றே நிமிடம் உட்கார்ந்து எழுந்தாள். பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எனக்கு அந்த வைராக்கியம் வராது.

ஏழு மாதத்தில் இரண்டாயிரம் சேர்ந்தது. இரும்புச் சட்டை, கேடயம் வாங்கினாள். காணிக்கையும் கட்டினாள். விருந்தில்தான் வந்தது வினை.

"ஏழு பெரிய மன்சங்களுக்கு சாப்பாடும்மா. பன்னி வறுவலும் பீரும் போட்டுக்கீது" என்றாள் மெஹ்னாஸ்.

"பன்னியா? என் வூட்டு விருந்துலயா?"

"இது கம்ப்யூட்டர்லம்மா."

"கம்ப்யூட்டரா இருந்தா இன்னா? போட்டுக்கீறது என் பேரு தானே? ஆட்டுக்கறி போடு. பீருக்குப் பதிலா ஆப்பிள் ஜூஸ்."

அந்த முந்நூறில் சாப்பாட்டுக்கு ஐம்பதுதான், மீதி மண்டபத்துக்கும் பாட்டுக்காரர்களுக்கும்; ஆட்டுக்கறியோ மூன்று மடங்கு விலை. அதோடு விட்டாளா? ஊரில் மொத்தம் நாற்பது பேர், அழைக்கச் சொன்னது ஏழு பேரை. நம் தெருவில் ஒரு கல்யாணத்து வலிமா விருந்துக்கு தேக்சாவை அடுப்பில் ஏற்றினால் பக்கத்து வீட்டை விட்டுவிட்டுச் சாப்பிட முடியுமா? "ஏழு பேரு உள்ள துன்னுகினு இருப்பான், மிச்சம் பேரு வெளிய நின்னு மோந்துகினு இருக்கணுமா?" என்று நாற்பது பேரையும் கூப்பிட்டாள். முந்நூறில் முடியவேண்டியது ஆயிரத்து நூறில் வந்து நின்றது. டென்மார்க்கிலிருந்து பிரபு வேடம் கட்டிய மனிதர், மரவெட்டிகளுக்கெல்லாம் விருந்து வைக்கும் வழக்கம் இங்கே இல்லை என்று கடிதம் போட்டார். எங்கள் ஊரில் இப்படித்தான் என்று இவள் பதில் போட்டாள்.

ரஹீமுக்கு விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டான். "சோத்துக்கே அத்தினி காசையும் வுட்டுட்டியே, குதிரைக்கு இன்னா பண்ணுவே?"

"இன்னும் எம்பது நாளு மரம் வெட்டுவேன்."

வெட்டினாள். ஒரு வெள்ளிக்கிழமை காலை குதிரை வந்தது. திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்புக் குதிரை. சுல்தான் என்று பேர் வைத்தாள். அன்றைக்கே பிரபு ஆறு குடிசைகள் இருந்த ஒரு நிலத்தை அவள் பேருக்கு எழுதினார். 'சர் ஜெரினா' என்று திரையில் வந்ததும் சென்டர் முதலாளி ரோஷன், உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தான்.

"அக்கா, இனிமே உன்ன சாருன்னுதான் கூப்டணுமா?"

"மொதல்ல சம்பளத்த ஏத்து ரோஷன் பாய்."

அதன்பிறகு தினமும் கல்லாவைத் திறக்கும் முன் சுல்தானுக்குத் தீனி வைப்பாள். நிலத்தில் அவளுக்குப் பிடித்த ஓர் ஓடை இருந்தது. அதைச் சும்மா பார்த்துக்கொண்டே இருப்பாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை யாரும் பார்த்ததில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். பிரபுவிடமிருந்து கடிதம் வந்தது. அவள் நிலத்தில் குடியிருக்கும் யோஹான் என்ற உழவன் மூன்று தவணை வாடகை கட்டவில்லை. இரண்டு நாளைக்குள் அவனை வெளியேற்றி வேறு ஆளை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாக்கி முந்நூற்று அறுபதை அவளே கட்ட வேண்டும். வெளியேற்றும் ஓலைகூடத் தயாராக இருந்தது. அவள் ஒரு சிவப்பு பட்டனை அமுக்கினால் போதும்.

யோஹானும் ஒரு கடிதம் போட்டிருந்தான். எந்த நாட்டுக்காரனோ, நிஜமாகவே இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறானாம். இத்தனை நாள் கம்ப்யூட்டர் கிடைக்காமல் ஆட்டத்தில் வேலைக்குப் போக முடியவில்லை, காலி செய்யச் சொன்னாலும் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தான். வருத்தப்பட மாட்டேன் என்று சொல்கிறவன் எப்படிப்பட்ட மனநிலையில் சொல்வான் என்று ஜெரினாவுக்குத் தெரியாதா? அதே வார்த்தையை ஒன்பது வாசலில் நின்று சொன்னவள் அவள்.

அவள் கையில் நாற்பது காசுதான் இருந்தது. இரும்புச் சட்டையையும் கேடயத்தையும் ஆட்டத்தில் திரும்ப வாங்க மாட்டார்கள்; விற்பதற்கென்று இருந்தது சுல்தான் ஒன்றுதான். குதிரை போனால் 'சர்' போய்விடும். நிலம் மட்டும் நிற்கும்.

அன்று சாயங்காலம் லாரி வரிசையிலிருந்து வீட்டுக்கு வந்த ரஹீமிடம் சொன்னாள்.

"வெறும் ஆட்டம் தானே ஜெரினா? பட்டன அமுக்கிட்டு வந்துகினே இரு" என்றான்.

"ஆட்டம்தான். அமுக்கப்போற வெரலு என்னுது."

ரஹீம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். பிறகு, "குதிரை எவ்ளோக்குப் போவும்?" என்று கேட்டான்.

"பாதி வெலைக்கு."

"பத்து மாசம் ஒழச்சியே" என்றான். இத்தனை நாள் கேலி பேசிய மனிதன் அவன்.

மறுநாள் காலை சுல்தானுக்குத் தீனி வைத்துவிட்டு, நானூற்று ஐம்பதுக்கு விற்றாள். முந்நூற்று அறுபதைப் பிரபுவுக்குக் கட்டினாள். அவள் பேருக்கு முன்னாலிருந்த மூன்று ஆங்கில எழுத்தும் அந்த நொடியே காணாமல் போயின. "இன்னாக்கா இப்டி பேஜாரு பண்ணிட்ட" என்று ரோஷன்தான் புலம்பினான். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, மகளைக் கேட்காமல், தன் ஆங்கிலத்திலேயே யோஹானுக்கு எழுதினாள். வாடகை கட்டியாகிவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது உங்கள் வீடு, நீங்கள் காலி செய்ய வேண்டாம். பதினாறு வருடமாக ஒரு வீட்டுக்காரர் வாயிலிருந்தாவது கேட்டுவிட மாட்டோமா என்று அவள் ஏங்கிய வார்த்தை அது. அனுப்பிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதாள்.