மரைக்கு வார்த்த குண்டுகள்

அக்கா மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தாள். ஆகவே மச்சான் எதையும் கொல்லக் கூடாது. பிள்ளை பிறக்கும் வரை கோழி அறுக்கக் கூடாது, பாம்பைக் கண்டாலும் ஒதுங்கிப் போக வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் உயிர் எடுத்தால் அது வயிற்றைத் தொடும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். மச்சான் முன்பு இதைச் சிரித்துத் தள்ளியவர். முதல் பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது போனது, அவர் ஒரு மரையை, அந்தப் பெரிய காட்டு மானை, சுட்டு அது குண்டோடு ஓடிப்போன அதே மாதம். கொழுந்தெடுக்கப் போன பெண்கள் சில நாள் கழித்து அதைத் தேயிலைக்குள் கண்டார்கள். கண் மட்டும் அசைந்துகொண்டிருந்ததாம். வந்து அக்காவிடமே சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு மச்சான் சிரிப்பதில்லை.

அந்த மரையில் எனக்கு இருந்தது வேறு கேள்வி. குண்டு தோளில் பட்டிருக்கிறது. பிறகு ஏன் விழவில்லை?

மச்சான் கண்டிக்கு அப்பால் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து பேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர். சம்பளப் பணம் கொண்டுவரும் நாளில் காவலுக்கென்று பழைய வெள்ளைக்காரத் துரை ஒரு ரிவோல்வரை அரசாங்கக் கச்சேரியில் இவர் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு இங்கிலாந்து போய்விட்டார். வேட்டைத் துவக்கு, அந்த நீளத் துப்பாக்கி, இப்போதைய துரையிடம்தான் இருந்தது. மச்சானுக்கு மான் என்றால் ரிவோல்வர்தான். மிகக் கிட்டப் போக வேண்டும், குண்டும் சரியாக இருக்க வேண்டும். அந்த அளவுத் தோட்டா இறக்குமதி நின்று வெகு நாளாகியிருந்தது. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வைத்து, லைசன்ஸ் காட்டிக் கண்டியில் வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் வாங்கி, குண்டை நாமே வார்த்துத் தோட்டா கட்ட வேண்டும். வார்க்கும் அச்சு, குறடு மாதிரி இரண்டு கைப்பிடியோடு, துரை விட்டுப்போன பெட்டியிலேயே இருந்தது.

நான் அப்போது படிப்பை முடித்துவிட்டுக் கண்டியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசிகசாலையில் தோட்டா கட்டுவது பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் அகப்பட்டது. ஒரு வாரத்தில் முடித்தேன். சனிக்கிழமை பஸ் ஏறி அதையெல்லாம் மச்சானிடம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பிள்ளை பொறந்து முப்பது நாள் கழியட்டும். வேட்டைச் சீசனும் தொறந்துரும். ஒரு மரை, ஒரே வெடி. அதுக்குக் குண்டு செஞ்சு குடு மாப்ள" என்றார் அவர்.

உள்ளே இருந்து அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "கத்தி தீட்டுறவனும் வெட்டுறவனும் ஒண்ணுதான்."

"அப்பக் கறிக்கடைக்குச் சாணை புடிச்சுக் குடுக்குறவன் கதி?"

"அவன் பொண்டாட்டி மாசமா இருந்தா அவனும் புடிக்கக் கூடாது."

பேரம் நெடுநேரம் நடந்தது. வார்க்கலாம், கட்டலாம், தேயிலைக் குப்பை கட்டிய சாக்கு மூட்டையில் சுட்டுப் பார்க்கலாம் என்பது முடிவு. "குப்பைக்கு உசுரில்ல. ஆனா உசுரு உள்ள எதையாச்சும் பாத்து அதை நீட்டுனீங்கன்னா நான் அம்மா வீட்டுக்குப் போயிருவேன். இதுவும் போச்சுன்னா என்னால முடியாது." கடைசி வாக்கியத்தை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். மச்சான் சரி என்றார்.

ஈயத்துக்கு நான் தேயிலைப் பெட்டியை நம்பினேன். பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் தாள் ஈயம் என்று சின்ன வயதிலிருந்து கேள்வி. பழைய பெட்டிகளிலிருந்து ஒரு சாக்கு உரித்துக்கொண்டு வந்து இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பை மூட்டினேன். சுருங்கியது, கருகியது, உருகவில்லை. மச்சான் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அது அலுமினியம் மாப்ள. ஈயம் ஒட்டுறது நின்னு எவ்வளவோ காலமாச்சு. பெட்டிய அடைக்கிறவன் வீட்டுல வந்து பெட்டியக் காய்ச்சுறியே, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

பேக்டரி ஸ்டோர் மூலையில் மெய்யான ஈயத்தாள் ஒட்டிய பழங்காலப் பெட்டிகள் கிடந்தன. அது உடனே உருகிப் பாதரசம் போல மின்னியது. அதில் வார்த்த குண்டு மெத்தென்றிருந்தது, நகம் பதிந்தது. போன வருஷம் மச்சான் போட்டதும் இதே ஈயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

கெட்டியான குண்டுக்கு என் அச்சகம் இருந்தது. தேய்ந்த ஈய அச்செழுத்துகளை நிறுத்து விற்பார்கள். முதலாளியிடம் கேட்டு ஒரு டின் நிறைய வாங்கினேன். சட்டியில் அவை உடனே கரையவில்லை. ஒரு கொம்பு, ஒரு சுழி, ஒரு துணைக்கால் என்று கொஞ்ச நேரம் எழுத்தாகவே மிதந்து, பிறகு அப்படியே அமிழ்ந்தன. இந்தக் குண்டில் நகம் பதியவில்லை. தரையில் போட்டால் கிணுக்கென்றது.

வார்க்கும்போது உள்ளே காற்று தங்கினால் குண்டு எடை குறையும், நேராகப் போகாது. எங்கள் தெருப் பத்தரிடம் தங்கத் தராசு இருந்தது. கைக்குட்டையை அவிழ்த்துக் குண்டுகளைக் கொட்டியதும் அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருக்குத் தாலி?"

"மரைக்கு."

"அப்பக் கெட்டியாத்தான் செய்யணும். சேதாரம் போடவா தம்பி?"

சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் நிறுத்தார். குறைந்தவற்றைத் தனியாக ஒதுக்கினோம். அவை மறுபடி சட்டிக்குப் போயின.

அடுத்த ஞாயிறு பேக்டரிக்குக் கீழே ஓடைப் பள்ளத்தில் சோதனை. கழிவுத் தேயிலையைத் தண்ணீரில் ஊறவைத்துச் சாக்குகளில் இறுக்கி வரிசையாக அடுக்கினோம். ஊறிய தேயிலை சதைக்குச் சரி, எலும்புக்கு என்ன செய்வது? கண்டி மார்க்கெட்டில் ஆட்டுத் தோள்பட்டை எலும்பு வாங்கி வந்து முதல் சாக்குக்குள் செருகினேன். இதில் எனக்கு ரொம்பப் பெருமை.

மெத்தென்ற குண்டு எலும்பில் பட்டுச் சில்லறைக் காசு போலச் சப்பி, முதல் சாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. போன வருஷத்து மரை ஏன் விழவில்லை என்பது என் உள்ளங்கையில் கிடந்தது. அச்செழுத்துக் குண்டு எலும்பையும் எல்லாச் சாக்குகளையும் துளைத்து மண்மேட்டுக்குள் போய் மறைந்தது. போன வழி பென்சில் துளை அளவுதான். அப்படிப் பட்டாலும் மான் நெடுந்தூரம் ஓடும். இரண்டையும் கலந்து வார்த்ததுதான் சரியாக வந்தது. எலும்பை உடைத்து, மூன்றாவது சாக்கில் காளானாக விரிந்து நின்றது.

"இதான்" என்றேன்.

மச்சான் அந்தக் காளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன வருஷம் நீ எங்கடா போயிருந்த?" என்றார்.

கலந்த ஈயத்தில் வார்த்து, நிறுத்து, கோதில் கட்டிய தோட்டாக்கள் சோதனையில் மீந்த மற்ற இரண்டு வகைகளோடு ஒரு தகர டப்பாவில் அலுமாரிக்குள் போயின. அக்காவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது.

அதற்குப் பின் வந்த ஒரு ஞாயிறு பகலில் தோட்டத்துக் கங்காணி வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் பேசுவதற்கு முன்பே எங்களுக்குச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஏதோ மாடு என்று நினைத்திருந்தோம்.

"ஐயா, கீழ் மலையில ஒரு மரை கம்பிச் சுருக்குல மாட்டிக்கிச்சு. கொம்பன். இழுத்து இழுத்துக் காலு ஒடிஞ்சு தொங்குது."

"யாரு போட்ட கம்பி?"

"எவன் நாந்தான்னு சொல்லுவான்?"

"தொரைட்ட சொல்லுங்க."

"தொரை கொழும்பு. துவக்கும் பங்களாவுல பூட்டிக் கெடக்கு. கத்தியோட கிட்டப் போனா கொம்பாலயே குத்த வருது. நீங்கதான் ஐயா."

மச்சான் கதிரையை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஏலாது. ஒங்களுக்கே தெரியும்."

கங்காணி தெரியும் என்பது போல அக்கா இருந்த அறைக் கதவைப் பார்த்தார், ஆனால் போகவில்லை. கீழிருந்து மறுபடி சத்தம் வந்தது.

"நான் வேணும்னா சுடவா?" என்றேன்.

"லைசன்ஸ் ஏம் பேர்ல. நீ ஒரு தரமாச்சும் சுட்டிருக்கியா?"

"இல்ல."

"அப்பச் சும்மா இரு."

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "எவ்வளவு நேரமாக் கத்துது?"

"காலையில இருந்தும்மா" என்றார் கங்காணி.

அவள் கொஞ்ச நேரம் கேட்டபடி நின்றாள். பிறகு மச்சானிடம், "போயிட்டு வாங்க" என்றாள்.

"நீதான சொன்ன..."

"ஓடித் திரியிற உசுரப் பத்திச் சொன்னேன். இது விடிய விடியக் கத்துனா யாரு கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கிறது? நானும் இதுவுந்தான." வயிற்றில் கை வைக்காமலே சொன்னாள். "ஒரே வெடி. ரெண்டாவது எனக்குக் கேக்கக் கூடாது."

நான் டப்பாவை எடுத்து வந்தேன். மச்சான் ரிவோல்வரைத் திறந்தபடி, "எதைப் போட?" என்று கேட்டார். கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. சுற்றி ஆட்கள் நிற்பார்கள்; கெட்டிக் குண்டு ஊடுருவிப் பாறையில் பட்டுத் திரும்பலாம். மண்டை எலும்பு தடிப்பானது, மெத்தென்றது அதில் சப்பிவிடும். "கலந்ததுதான்" என்றேன். தோட்டாக்களை நானே அறைகளில் போட்டேன்.

கீழ் மலையில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் பாதிப் பேர் நின்றார்கள். மரை ஒரு சவுக்கு மரத்தைச் சுற்றிக் குழி பறித்திருந்தது. மச்சான் எல்லாரையும் தனக்குப் பின்னால் வரச் சொன்னார். இரண்டு முறை கையை நீட்டி இரண்டு முறையும் தாழ்த்தினார். மரையின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. யாரோ பின்னாலிருந்து, "ஐயா அதுக்குப் புத்தி சொல்றாரு" என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. மரை மூச்சு வாங்க ஒரு கணம் தலையைத் தாழ்த்தியது. மச்சான் இன்னும் ஒரு எட்டு முன்னால் போய் வெடி வைத்தார்.

முன்னங்கால்கள் மடங்கின, பிறகு மொத்தமும். ஒடியாத பின்னங்கால் ஒரு தடவை உதைத்தது.

குண்டு எப்படி விரிந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை. தலைக்கு அடியில் மண்ணைக் கிளறினேன், அகப்படவில்லை. உண்மையில் அந்த வெடி என் கேள்வி எதற்கும் பதில் இல்லை. அவ்வளவு கிட்டத்தில் எந்தக் குண்டும் நல்ல குண்டுதான். "விடு மாப்ள, வா" என்று மச்சான் கூப்பிட்டார். சுட்டவர் பங்கென்று தொடையை அறுத்துக் கொடுக்க வந்தார்கள். அவர் வேண்டாம் என்றார்.

"அப்பக் கம்பி போட்டவனுக்குக் குடுத்துருவோம். இங்கதான் எங்கயாச்சும் சட்டியோட நிப்பான்" என்றார் கங்காணி.

மச்சான் வீட்டுப் பின்புறப் பைப்படியில் உடுப்போடு உட்கார்ந்து தலைக்கு ஊற்றிக்கொண்டார். குளிரில் பல் கிட்டியது. அக்கா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"ஒரு வெடிதான் கேட்டிச்சு."

"ஒண்ணுதான்."

"ஒடனேயா?"

"ஒடனே."

அவள் அவரை விட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு."

பின்னங்கால் உதைத்ததை நான் கண்டிருந்தேன். உயிர் போன பின்னும் நரம்பு இழுக்கும் என்று புத்தகத்தில் இருந்தது. அதை எப்படி விளக்குவது என்று ஒரு கணம் யோசித்தேன்.

"ஒடனேதான்க்கா."

அவள் துவாயை ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள்.

பெண் பிள்ளை மாசியில் கண்டி ஆஸ்பத்திரியில் பிறந்தது, எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி சுகம். முப்பது கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சீசன் திறந்திருந்தது. நான் சனிக்கிழமை பஸ்ஸில் போய் இறங்கி, எப்போது போகலாம் என்று மச்சானிடம் கேட்டேன். அவர் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு வெடிதான்னு ஒங்கக்கா சொன்னா. வச்சாச்சு" என்றார்.