டானியலுக்கு என்ன நடந்தது

அஞ்சலா என் கணவரின் தங்கச்சி, எனக்கு மச்சாள். பேசாலைக் கரையில் மீனுக்கு ஐஸ் போட்டு அடுக்கும் வாடியில் பதினாறு வருடமாக ஐஸ் உடைக்கிறாள். மரக் கொட்டனை ஓங்கினாள் என்றால் ஐஸ் கட்டி தூளாகி மீன் பெட்டிக்குள் விழும். அந்த வேலைக்கு வந்த இரண்டு ஆம்பிளைகள் தோள் வலி என்று ஒரு மாதத்தில் ஓடிவிட்டார்கள். இவள் நிலைத்துவிட்டாள். நேர்ஸ் ஆகவேண்டும், டொக்டர் ஆகவேண்டும் என்றெல்லாம் கனவு கண்டவள் இல்லை. ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவள். புனிதர் சரித்திரம் எழுதப்போகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆள் ஒரு பிடிவாதக்காரி, அவ்வளவுதான்.

போன வருடம் சனிக்கிழமைகளில் பின்னேரம் ஏழு மணிக்கு ரீவியில் ஒரு வெளிநாட்டு நாடகம் தமிழில் போனது. ‘அவசர நகரம்’ என்று பெயர். அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள், அலறிக்கொண்டு ஓடும் அம்புலன்ஸ், அதற்குள் ஹெலன் என்ற பெண். எங்கள் வீட்டு ரீவிதான் பெரியது. அதனால் அஞ்சலா ஆறே முக்காலுக்கே வந்து நல்ல கதிரையைப் பிடித்துவிடுவாள். இடையில் நான் கதைத்தால் கையை உயர்த்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீடு, என் கதிரை, நான் வாய் திறக்கக்கூடாது. ஆனால் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், மூன்றாம் வாரத்திலிருந்து நானும் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன்.

ஒன்பதாவது வாரம் டானியல் என்ற இளைஞன் காரோடு பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழுந்தான். தூக்கிக் கரையில் போட்டார்கள். மூச்சில்லை. ஹெலன் அவன் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து முப்பது தரம் அமுக்கினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு தரம் ஊதினாள். திரும்பவும் அமுக்கினாள். மழையோ மழை. அந்த இடத்தில் ‘தொடரும்’ போட்டுவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் ஒரு பெண் கேக் அடித்துக் காட்டினாள். அஞ்சலா அந்த இடத்திலேயே தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் எடுத்தாள்.

“அம்மா, அந்த நாட்டிலேயே நாடகத்தை நிற்பாட்டிப் போட்டினம். பாக்கிறதுக்கு ஆக்கள் போதாதாம்” என்று சொன்னது அங்கே போனை எடுத்த பெண்பிள்ளை.

“நான் பாத்தனான்தானே” என்றாள் அஞ்சலா.

அதற்குப் பிறகு அவள் செய்ததைக் கேட்டு ஊரே சிரித்தது. எங்களுக்குள் யாரும் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்தால் கோவிலில் பூசைக்கருத்து எழுதிக் கொடுப்போம். பூசை தொடங்கும்போது பாதர் பெயரை வாசிப்பார், ஊர் முழுக்க மன்றாடும். அந்த ஞாயிறு பாதர் வாசித்தார்: “ஆபத்தான நிலையில் இருக்கும் டானியல் சுகம்பெற.” பூசை முடிந்த கையோடு, ஊரில் இருக்கும் ஒரே டானியலான வலைக்கடைக்காரர் வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பேர் பாணும் பிஸ்கற்றும் கொண்டு போய்விட்டார்கள். மனிசன் முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டு நின்றார்.

விசயம் வெளியே வந்தால் சும்மா விடுவார்களா? அயல்வீட்டு மில்ரன்தான் மோசம். இருபத்தாறு வயது, வாய் காதுவரைக்கும். கடலுக்குப் போக ஐஸ் எடுக்க வரும்போதெல்லாம், “மாமி, டானியலுக்கு இப்ப எப்பிடி?” என்பான். அஞ்சலா கொட்டனை ஓங்குவாள். வெளிக்குத்தான் அது விளையாட்டு. ஒருநாள் என்னிடம், “மச்சாள், அவன் செத்தானோ பிழைச்சானோ எண்டாவது சொல்லியிருக்கலாம்” என்றாள். எனக்கும் பாவமாக இருந்தது.

மார்கழி வந்தது, வாடைக்காற்றும் வந்தது. ஒரு காலை எட்டு மணியிருக்கும். மில்ரனின் படகு கரை சேரும் நேரத்தில் அலை ஒன்று தூக்கிக் கவிழ்த்தது. அவன் தகப்பன் கிறகரி நீந்தி வந்துவிட்டார். மில்ரன் வலைக்குள் சிக்கிப் படகுக்கு அடியில். நாலு பேர் பாய்ந்து வலையை அறுத்து இழுத்து வந்து மணலில் போட்டார்கள். உதடு நீலம், மூச்சில்லை. மீன் வாங்கக் கரைக்கு வந்திருந்த நான் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தேன். மன்னாரிலிருந்து வெளிக்கிட்டுவிட்டது என்றார்கள்.

தண்ணீர் குடித்தவனுக்கு எங்கள் கரையில் ஒரு வைத்தியம் உண்டு. எண்ணெய்ப் பீப்பாவில் குப்புறப் போட்டு முன்னும் பின்னும் உருட்டுவார்கள். வயிற்றுத் தண்ணீர் வெளியே வந்தால் ஆள் பிழைப்பான் என்று நம்பிக்கை. கிறகரி பீப்பாவை உருட்டிக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து வாடிக்குள்ளிருந்து ஓடிவந்தாள் அஞ்சலா. கை நிறைய ஐஸ் தூள். விட்டாள் ஒரு உதை. பீப்பா சரிவில் உருண்டு கடலுக்குள் போய்விட்டது.

“உனக்கென்ன விசரே? என்ர பிள்ளையில நாடகம் பழகிறியோ?” என்று கிறகரி கையை ஓங்கிவிட்டார்.

“அடிக்கிறதெண்டா பிறகு அடியுங்கோ அண்ணை. இப்ப தள்ளி நில்லுங்கோ.”

மணலில் முழந்தாளிட்டு அமுக்கத் தொடங்கினாள். முப்பது. வாயோடு வாய் வைத்து இரண்டு ஊதல். திரும்ப முப்பது. அவள் வாய் வைத்தபோது சனத்துக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நான் திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கியது. ஐந்து நிமிடம் போனது. மில்ரன் அசையவில்லை. அஞ்சலாவுக்கு எண்ண மூச்சுப் போதவில்லை. நான் பக்கத்தில் இருந்து எண்ணத் தொடங்கினேன். பிறகு சனமும் என்னோடு சேர்ந்து எண்ணியது. பத்து நிமிடமும் போனது. எண்ணியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். யாரோ செபமாலையை எடுத்துவிட்டார்கள்.

கிறகரி மணலில் குந்தினார். “போதும் தங்கச்சி. அவன் போயிட்டான். விடு” என்றார்.

“எப்ப நிற்பாட்டிறதெண்டு அவங்கள் காட்டேல்லை அண்ணை” என்றாள் அமுக்கியபடியே. “எனக்கு நிற்பாட்டத் தெரியாது.”

வேறு யாராக இருந்தாலும் கை விழுந்திருக்கும். அது பதினாறு வருடம் ஐஸ் உடைத்த கை. நான் விடாமல் எண்ணினேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று போகும்போது மில்ரனின் தொண்டைக்குள் ஏதோ சத்தம் கேட்டது. பிறகு ஒரு இருமல். வாயாலும் மூக்காலும் தண்ணீர் வர, அஞ்சலா அவனைப் பக்கவாட்டில் புரட்டினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. நான் போட்ட சத்தம் தலைமன்னாருக்கும் கேட்டிருக்கும். கிறகரி அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளுக்கு அதைப் பார்க்க நேரமில்லை, மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த தம்பி மில்ரனைப் பார்த்துவிட்டு, “ஆர் செய்தது? எங்க படிச்சனீங்கள் அக்கா?” என்று கேட்டான்.

“சனிக்கிழமை, ஏழு மணிக்கு” என்றாள் அஞ்சலா. அவன் விளங்காமல் தலையாட்டிவிட்டு மில்ரனின் கையில் ஊசியை ஏற்றினான். அதைக் கண்டதும் என் மச்சாள் மணலில் மயங்கி விழுந்தாள்.

பத்தாம் நாள் மில்ரன் வீடு வந்தான். அவள் அமுக்கியதில் நெஞ்சில் இரண்டு எலும்பு வெடித்திருந்தன. சிரித்தால் நோகுமாம். நல்லது, கொஞ்ச நாளைக்கு வாய் மூடிக் கிடப்பான் என்றேன். அஞ்சலாவைக் கண்டதும் அவன் பகிடி விடவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு பாதர் கருத்து வாசித்தார்: “மில்ரனும் டானியலும் உயிர் பிழைத்ததற்கு நன்றியாக, மில்ரன் ஒப்புக்கொடுக்கும் பூசை.” அஞ்சலா என் தோளில் முகத்தை வைத்து விம்மி விம்மி அழுதாள். கோவில் நிறையச் சனம் இருந்தது. எந்த டானியல் என்று ஒருவரும் கேட்கவில்லை.