சரோஜா அக்காவின் தொடர்கதை

மழையில் ஊறிய அட்டைப்பெட்டியின் வாடை இன்று வாசலில் அடித்ததும், நான் சிறுவனாகச் சுற்றித்திரிந்த முடிச்சூர் ரோட்டு வாடகை நூலகம் நினைவில் வந்து நின்றது. வார இதழ்களிலிருந்து கிழித்துக் கோணி ஊசியால் தைத்த தொடர்கதைகள், அவற்றில் காராபூந்தி எண்ணெய்க் கறை, வில்லன் வரும் பக்கமெல்லாம் யாரோ பேனாவால் எழுதிவைத்த ‘நாசமாப் போவான்’. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அங்கேதான். எங்கள் தெரு சரோஜா அக்காவின் கணவர் இறப்பதற்கு முன் எழுதிய ஒரே தொடர்கதையும், புத்தகமாக வராமல், அங்கே மட்டும் இருந்தது. அக்கா மாதாமாதம் அதை எடுத்துப் போவார்.

ஒரு மழைக்காலத்தில் நூலகத்துக்குள் புகுந்த வெள்ளம் வடிந்தபோது அந்தத் தொடர்கதை உப்பி ஒரே கட்டியாகக் கிடந்தது. அக்கா பிரித்த தாளெல்லாம் கூழாகக் கையோடு வந்தது.

“விடும்மா, கதைதான் உனக்கு மனப்பாடமாச்சே,” என்றார் நூலகக் கடைக்காரர்.

“கதை தெரியும்ணா. அவரு அத எந்த வார்த்தையில எழுதினாருன்னு மனசுல நிக்கலையே.”